விருந்தாளிகளுக்குத் தனி வைஃபை: கெஸ்ட் நெட்வொர்க் அமைப்பது எப்படி?

மாசி மாதம் திருவொற்றியூர் தியாகராஜ சுவாமி கோயிலில் பிரம்மோற்சவம் நடக்கும்போது, சுற்றியுள்ள வீடுகளில் உறவினர் கூட்டத்துக்குக் குறைவிருக்காது. வந்து உட்கார்ந்ததும் இப்போது யாரும் முதலில் காபி கேட்பதில்லை. "சித்தப்பா, வைஃபை பாஸ்வேர்டு என்ன?" என்றுதான் கேட்கிறார்கள். இல்லை என்று சொல்ல முடியுமா? சொல்லிவிடுகிறோம்.

அந்தச் சித்தப்பா, துறைமுகத்தில் சரக்கு கிளியரிங் செய்யும் ஏஜென்சிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர் என்று வைத்துக் கொள்வோம். இன்வாய்ஸ், ஷிப்பிங் பில் ஃபைல்கள் எல்லாம் ஷேர் செய்த ஃபோல்டரில் இருக்கின்றன. அதே வைஃபையில் பிரிண்டரும் வாசல் கேமராவின் டிவிஆரும் உள்ளன. பாஸ்வேர்டு தெரிந்த எந்த மொபைலும் இவை இருக்கும் நெட்வொர்க்குக்குள் வந்துவிடுகிறது. உறவினர் நல்லவர்தான். ஆனால் அவருடைய மொபைலில் என்னென்ன ஆப்கள் ஒளிந்திருக்கின்றன என்பது அவருக்கே தெரியாது. இதற்கான தீர்வுதான் கெஸ்ட் நெட்வொர்க்.

கெஸ்ட் நெட்வொர்க் என்றால் என்ன?

ஒரே ரௌட்டர் இரண்டு வைஃபை பெயர்களைக் காட்டும். ஒன்று வீட்டாருக்கு, இன்னொன்று விருந்தாளிகளுக்கு. இரண்டிலும் இன்டர்நெட் வரும். ஆனால் விருந்தாளியின் மொபைலால் உங்கள் கம்ப்யூட்டரையும் பிரிண்டரையும் அணுக முடியாது. பழைய வீடுகளில் திண்ணை இருந்ததல்லவா? வந்தவர் நிழலில் உட்காரலாம். ஆனால் உள்ளறைக்குள் போக முடியாது. அதே ஏற்பாடுதான் இது.

அமைக்கும் முறை

1. பிரவுசரைத் திறந்து ரௌட்டரின் முகவரியை டைப் செய்யவும். பெரும்பாலும் இது 192.168.0.1 அல்லது 192.168.1.1 ஆக இருக்கும். ரௌட்டரின் அடியில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரிலும் இருக்கும்.

2. லாகின் செய்ததும் முதல் வேலையாக அட்மின் பாஸ்வேர்டை மாற்றவும். இதை மாற்றாமல் விட்டால் மற்ற எதைச் செய்தும் பயனில்லை.

3. வயர்லெஸ் மெனுவில் கெஸ்ட் நெட்வொர்க் என்பதைத் தேர்வு செய்து, எனேபிள் செய்யவும். புதிய பெயர் ஒன்றைக் கொடுக்கவும். அதில் உங்கள் பெயரோ வீட்டு எண்ணோ வேண்டாம்.

4. செக்யூரிட்டியில் டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 தேர்வு செய்து, பாஸ்வேர்டு கொடுக்கவும். குறைந்தது 8 எழுத்துகள் தேவை. வீட்டு வைஃபையின் பாஸ்வேர்டையே இங்கும் கொடுத்துவிடாதீர்கள்.

5. விருந்தாளிகள் ஒருவரையொருவர் பார்க்கவும், லோக்கல் நெட்வொர்க்கை அணுகவும் அனுமதிக்கும் இரண்டு ஆப்ஷன்கள் பல ரௌட்டர்களில் இருக்கும். இரண்டிலும் டிக் இருந்தால் நீக்கிவிட்டு, சேவ் செய்யவும்.

அக்சஸ் பாயின்ட்டில் ஒரு சிக்கல்

கீழே ஹாலில் ஃபைபர் மோடம் இருக்கிறது. கான்கிரீட் தளத்தைத் தாண்டி மாடிக்கு சிக்னல் வரவில்லை. எனவே மாடியில் இன்னொரு ரௌட்டரை வாங்கி, கேபிள் இழுத்து, அக்சஸ் பாயின்ட் மோடில் வைக்கிறீர்கள். அதில் கெஸ்ட் நெட்வொர்க்கையும் எனேபிள் செய்கிறீர்கள். பெயரும் தனி, பாஸ்வேர்டும் தனி. வேலை முடிந்ததா?

பல மாடல்களில் முடியவில்லை! அக்சஸ் பாயின்ட் மோடில் மாடி ரௌட்டர் தானாக ஐபி முகவரி வழங்குவதில்லை. கீழே உள்ள மோடம்தான் எல்லோருக்கும் வழங்குகிறது. விருந்தாளிக்கும் உங்கள் கம்ப்யூட்டருக்கும் ஒரே வரிசையில் முகவரி கிடைக்கிறது. பெயர்ப்பலகை இரண்டு, ஆனால் உள்ளே ஒரே அறை. சில மாடல்கள் இந்த மோடிலும் சரியாகப் பிரிக்கும். உங்களுடையது எந்த ரகம் என்பதைச் சோதித்துத்தான் அறிய வேண்டும்.

சோதிப்பது எப்படி?

முதலில் மொபைலை வீட்டு வைஃபையில் இணைத்து, பிரவுசரில் பிரிண்டரின் ஐபி முகவரியைக் கொடுக்கவும். பிரிண்டரின் செட்டிங் பக்கம் திறக்கும். அடுத்து, மொபைல் டேட்டாவை ஆஃப் செய்துவிட்டு, கெஸ்ட் வைஃபைக்கு மாறி அதே முகவரியைக் கொடுக்கவும். பக்கம் திறக்கவில்லை என்றால் பிரிண்டர் பாதுகாப்பாக உள்ளது. திறந்தால் சுவரே இல்லை என்று பொருள். மோடத்தின் முகவரியையும், டிவிஆரின் முகவரியையும் இதேபோல் சோதிக்கவும். கம்ப்யூட்டரைப் பிங் செய்து பார்ப்பதை மட்டும் நம்ப வேண்டாம். விண்டோஸ் ஃபயர்வாலே பிங்கைத் தடுத்து உங்களை ஏமாற்றலாம்.

சோதனையில் தோற்றால்?

விருந்தாளிகளைக் கீழே உள்ள மோடத்தின் வைஃபையில் விடுங்கள். அதில் கெஸ்ட் வசதி இருந்தால் அதையே பயன்படுத்தவும். மாடி ரௌட்டரை ரௌட்டர் மோடுக்கு மாற்றி, மோடத்திலிருந்து வரும் கேபிளை அதன் வான் போர்ட்டில் செருகவும். இரண்டின் முகவரி வரிசையும் வேறுபட வேண்டும். மோடம் 192.168.1.1 என்றால் மாடி ரௌட்டருக்கு 192.168.10.1 கொடுக்கலாம். உங்கள் கம்ப்யூட்டர், பிரிண்டர், டிவிஆர் எல்லாவற்றையும் மாடி ரௌட்டரில் இணைக்கவும்.

வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள். விருந்தாளி மாடி ரௌட்டரிலும் உங்கள் பொருட்கள் கீழே மோடத்திலும் இருந்தால், அவர் இன்டர்நெட்டுக்குப் போகும் வழியே உங்கள் நெட்வொர்க் வழியாகத்தான். திண்ணை வாசலில் இருக்க வேண்டும், கொல்லைப்புறத்தில் அல்ல.

இந்த முறையில் ஒரு குறையும் உண்டு. இரண்டு ரௌட்டர்களைத் தாண்டிப் போவதால் சில ஆன்லைன் கேம்களும், போர்ட் ஃபார்வர்டிங் மூலம் வெளியிலிருந்து கேமரா பார்ப்பதும் தடைபடலாம்.

இணைப்பு உங்கள் பெயரில்

2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் குண்டுகள் வெடித்தன. அதையொட்டி அனுப்பப்பட்ட மிரட்டல் மெயிலின் ஐபி முகவரியைத் தேடிய போலீசார், நவி மும்பை சான்பாடாவில் வசித்த ஓர் அமெரிக்கரின் வீட்டுக்குச் சென்றனர். அவருடைய வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் டெல்லி குண்டுவெடிப்பின்போது வந்த மெயிலும் மும்பை செம்பூரில் ஒரு நிறுவனத்தின் வைஃபை வழியாகத்தான் போயிருந்தது.

கெஸ்ட் நெட்வொர்க் இதைத் தடுக்காது. விருந்தாளி எந்தத் தளத்துக்குப் போனாலும், வெளியே தெரிவது உங்கள் இணைப்பின் ஐபி முகவரிதான். அது காப்பது உங்கள் வீட்டுக்குள் இருப்பவற்றை மட்டுமே. ஆகவே கெஸ்ட் வைஃபையைப் பாஸ்வேர்டு இல்லாமல் திறந்து வைக்காதீர்கள். கீழ்த்தளத்து டீக்கடைக்காரர் "அண்ணே, பாஸ்வேர்டு சொல்லுங்க" என்றால், அவருக்குக் கொடுத்தது அவருடைய வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் கொடுத்ததாகும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

திருவிழா முடிந்து உறவினர்கள் ஊருக்குக் கிளம்பியதும் கெஸ்ட் பாஸ்வேர்டை மாற்றிவிடவும், அல்லது அதை டிசேபிள் செய்யவும். வீட்டு வைஃபையின் பாஸ்வேர்டு மாறாததால் உங்கள் கம்ப்யூட்டரிலும் பிரிண்டரிலும் எதையும் மறுபடி அமைக்க வேண்டியதில்லை. அடுத்த விருந்தாளி வருவதற்குள் அந்தப் பிரிண்டர் சோதனையை ஒருமுறை செய்து பாருங்கள்.