எதை ஆன்லைனில் விற்பது? முண்டு மிளகாயை வைத்து ஒரு கணக்கு

இராமநாதபுரம் மாவட்டம் பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. புரட்டாசி, ஐப்பசியில் மழையை நம்பி விதைக்கும் மிளகாய், தை மாதம் முதல் பழுக்கத் தொடங்குகிறது. முதுகுளத்தூர், கமுதி, பரமக்குடி, ஆர்.எஸ்.மங்கலம் வட்டாரங்களில் எல்லார் களத்திலும் ஒரே சமயத்தில் வத்தல் காய்கிறது. எல்லாரும் ஒரே சமயத்தில் மூட்டை கட்டுகிறார்கள். கமிஷன் கடையில் விலை இறங்க இதற்கு மேல் காரணம் வேண்டியதில்லை. ஆகவே, விளைச்சலில் ஒரு பகுதியையாவது ஆன்லைன் கடை மூலம் நேரே வீடுகளுக்கு விற்கலாம் என்ற எண்ணம் விவசாயிகளுக்கு வந்துள்ளது. எண்ணம் நல்லதே. ஆனால் எந்தப் பொருளை விற்பது, எதற்கு விளம்பரம் செய்வது என்று தீர்மானிப்பதில்தான் லாபமும் நஷ்டமும் இருக்கின்றன.

முதலில் தராசைப் பார்க்க வேண்டும். பார்சல் கட்டணம் எடையைப் பொறுத்தது. தேங்காய் எடை அதிகம், விலை குறைவு. வாங்குபவரின் தெருமுனைக் கடையிலும் கிடைக்கும். அதை அனுப்பினால் கூரியர்காரருக்குத்தான் உழைத்ததாகும். எடை குறைந்தது, கெடாதது, மற்ற ஊரில் எளிதில் கிடைக்காதது ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த பொருளே ஏற்றது.

இராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடம் பகுதியின் மணற்பாங்கான நிலத்தில் வளரும் மல்லிகை நாற்றுகள் பல மாவட்டங்களுக்குப் போகின்றன. நாற்றுக்கு எடை இல்லை, பெயரும் இருக்கிறது. ஆனால் உயிருள்ள பொருள். வழியில் நான்கு நாள் தங்கினால் வேர் காய்ந்துவிடும். நடவுக் காலமான ஆனி முதல் கார்த்திகை வரை, இரண்டொரு நாளில் போய்ச் சேரும் ஊர்களுக்கு மட்டும், வேரில் ஈரச் சாக்கு சுற்றி அனுப்பலாம்.

சாயல்குடி, கடலாடிப் பக்கத்துக் கருப்பட்டிக்கு வேறு சிக்கல். ஏறக்குறைய 8 லிட்டர் பதநீரைக் காய்ச்சினால்தான் ஒரு கிலோ கிடைக்கும் என்பதால் அடக்க விலையே அதிகம். சீனி கலந்த கருப்பட்டி பக்கத்திலேயே பாதி விலைக்கு நிற்கும்போது, படத்தைப் பார்த்து வாங்குபவருக்கு வித்தியாசம் தெரியாது. மழைக்காலத்தில் அனுப்பினால் கசிந்து பெட்டியை நனைக்கும். ருசி அறிந்த பழைய வாடிக்கையாளருக்கு இது நல்ல சரக்கு; புதியவரைப் பிடிக்க விளம்பரம் செய்யும் முதல் சரக்காக இதை வைப்பது உசிதமல்ல.

கடற்கரை ஊர்களில் சங்கு, சிப்பி, கடல் அட்டை ஆகியவற்றுக்கும் கேட்பவர் உண்டு. கடல் அட்டையும் சில சங்கு வகைகளும் 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. லாபம் எவ்வளவு என்றாலும் அந்தப் பக்கம் போகவே கூடாது.

முண்டு மிளகாய்க்கோ மூன்று தகுதியும் இருக்கின்றன. உருண்டையான காய், தடித்த தோல், அடர்ந்த சிவப்பு, குழம்புக்கு வாசனை. 2023 பிப்ரவரியில் இதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நன்றாகக் காய்ந்தால் மாதக்கணக்கில் கெடாது. சரி, லாபம் வருமா?

கணக்கு

விலை வாரத்துக்கு வாரம் மாறும் என்பதால் கீழே உள்ள தொகைகளை முறை தெரிவதற்காக மட்டும் எடுத்துக்கொள்க. மண்டியில் கிலோ 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அரைக் கிலோப் பொட்டலம் ஒன்றுக்கு மிளகாய் 100, வெளுத்த காயும் உடைந்த காயும் கழிவதில் 10, பொறுக்கும் கூலி 10, உறையும் அட்டைப் பெட்டியும் 20, பார்சல் 60, விற்பனைத் தளத்தின் கமிஷன் 25, ஆக 225 ரூபாய். விற்பது 280-க்கு. மீதி 55. (வீட்டுப் பெண்கள் பொறுக்கிக் கொடுப்பதை யாரும் கூலியாக எழுதுவதில்லை. எழுதினால்தான் உண்மை தெரியும்.)

இப்போது வாரத்துக்கு 700 ரூபாய்க்கு விளம்பரம் கொடுத்து, அதன் மூலம் 10 பொட்டலம் விற்றதாகக் கொள்வோம். பொட்டலத்துக்கு விளம்பரச் செலவு 70. மீதி 55 தானே! பத்தும் விற்றுத் தீர்ந்த பின் 150 ரூபாய் கைநஷ்டம். 'ஆர்டர் வருகிறது, ஆனால் பணம் நிற்கவில்லை' என்று பலர் சொல்வதன் காரணம் இதுவே. பொருள் கைக்கு வந்த பிறகு பணம் என்ற முறையில் அனுப்பிய பொட்டலம் ஒன்று திரும்பி வந்தால், போக வர 120 ரூபாய். இரண்டு பொட்டலத்தின் லாபம் அதிலேயே போயிற்று.

அதே மிளகாயை ஒரு கிலோவாக 540 ரூபாய்க்கு விற்றால்? மிளகாய் 200, கழிவு 20, கூலி 20, பெட்டி 30, பார்சல் 85, கமிஷன் 50, ஆக 405. மீதி 135. எடை இரு மடங்கானாலும் பார்சலும் பெட்டியும் அந்த அளவுக்கு ஏறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். விளம்பரத்துக்கு 70 போனாலும் 65 ரூபாய் கையில் நிற்கிறது. எனவே விளம்பரம் செய்வதானால் ஒரு கிலோப் பெட்டிக்குச் செய்வதே முறை. அரைக் கிலோவைக் கடையில் வைத்திருக்கலாம். அதற்காகப் பணம் கொட்ட வேண்டாம்.

ஒரு கிலோ யார் வாங்குவார்கள் என்று கேட்கலாம். ஆண்டு முழுவதற்கும் மிளகாய்ப்பொடி திரிக்கும் வீடுகள் சென்னை, கோவை, பெங்களூரிலும் உண்டு. அவர்கள் வெயில் ஏறும் மாசி முதல் சித்திரை வரை வாங்குவார்கள். விளம்பரம் அந்த மாதங்களில்தான். ஐப்பசி மழையில் கொடுப்பது வீண்.

விளம்பரம் கொடுக்கும் முன் செலவில்லாத வேலை ஒன்று இருக்கிறது. மற்றவர் விற்கும் மிளகாயின் கீழ் வாங்கியவர்கள் எழுதிய குறைகளைப் படிக்க வேண்டும். தூசி, நொறுங்கிய காய், வண்டு, படத்தில் ஒரு நிறம் பெட்டியில் ஒரு நிறம் என்று எழுதியிருப்பார்கள். அந்தக் குறைகள் நம் சரக்கில் இல்லாதபடி செய்வதே பாதி விளம்பரம். மண்ணில் பரப்பாமல் தார்ப்பாயில் காயவைத்து, ஈரம் 10 சதவீதம் அளவுக்கு இறங்கிய பின் கட்டினால் பூஞ்சணம் பிடிக்காது. படத்தைப் பகல் வெளிச்சத்தில் எடுக்க வேண்டும். நிறத்தைக் கூட்டிக் காட்டினால் பெட்டி திரும்பி வரும்.

புவிசார் குறியீட்டின் பெயரையும் முத்திரையையும் பொட்டலத்தில் போட நினைப்பவர், சென்னையிலுள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிந்துகொள்ள வேண்டும். இதற்கான விண்ணப்பக் கட்டணம் 2020-ல் 500 ரூபாயிலிருந்து 10 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. உணவுப் பொருளுக்கு 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண்ணை விற்பனைத் தளங்கள் கேட்கும். நிகர எடை, விலை, கட்டிய மாதம், முகவரி ஆகியவை பொட்டலத்தில் இருத்தல் வேண்டும்.

முதல் பருவத்தில் ஒரு மூட்டைக்கு மேல் இதில் இறக்க வேண்டாம். மற்றவை வழக்கம்போல் மண்டிக்கே போகட்டும். ஒரு நோட்டில் ஒவ்வொரு பெட்டிக்கும் ஆன செலவு, வந்த பணம், அது விளம்பரத்தால் வந்ததா, முன்பு வாங்கியவர் மறுபடி கேட்டதா என்று எழுதிவர வேண்டும். மறுபடி கேட்டவரின் பெட்டிக்கு விளம்பரச் செலவு இல்லை. அங்கே நிற்பது 65 அல்ல, முழு 135 ரூபாய். அடுத்த மாசியில் எத்தனை மூட்டையைத் தனியே எடுத்து வைப்பது என்பதை அந்த நோட்டைப் பார்த்து முடிவு செய்யலாம்.