கண்டிக்கோட்டை வழியாக ஊருக்கு

டிசம்பர் விடுமுறை நெருங்கிவிட்டால் நம் விடுதி அறைகளில் ரயில் டிக்கெட்டைப் பற்றிய பேச்சே பேச்சாக இருக்கும். மோட்டார் சைக்கிளிலேயே சென்னைக்குப் போய்விட்டால் என்ன என்று கேட்கும் நண்பர்களும் ஆண்டுதோறும் சிலர் உண்டு. அவர்களுக்காகவே இக்கட்டுரை.

பெங்களூர் வழியாகச் செல்லும் நெடுஞ்சாலை ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். போவது எளிது, பார்ப்பதற்குத்தான் அதிகம் இல்லை. சோலாப்பூர், விஜயபுரம், பாதாமி, ஹம்பி, கண்டிக்கோட்டை, கடப்பை என்று வளைந்து செல்லும் வழியிலும் தூரம் பெரிதாகக் கூடிவிடாது. ஆனால் அது தக்காணத்தின் வறண்ட நெஞ்சைக் குறுக்கே கடக்கும் வழி. மேற்குத் தொடர்ச்சி மலை மழையைத் தடுத்துக்கொள்வதால் மகாபலேசுவரத்தில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் பொழிகிற வானம், அனந்தப்பூர்ப் பக்கம் 550 மில்லிமீட்டர் அளவோடு நின்றுவிடுகிறது. இதை மணல் பாலைவனம் என்று சொல்ல முடியாது. நம் முன்னோர் பாலைக்குத் தனி நிலம் வகுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் திரிந்தால் அதுவே பாலை என்றனர். அந்தப் பொருளில் இது பாலைதான். கல்விக்காகப் பிரிவதையும் தொல்காப்பியம் பிரிவு வகைகளுள் ஒன்றாகச் சொல்கிறது என்பதைப் புனேயில் படிக்கும் நாம் நினைத்துக்கொள்ளலாம்!

இவ்வழியின் தனிச் சுவை, சக்கரத்தின் கீழே பாறை மாறிக்கொண்டே வருவதுதான். புனேயிலிருந்து விஜயபுரம் வரை எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறை. அதன் வயது சுமார் 6.6 கோடி ஆண்டு. பாதாமியில் செந்நிற மணற்கல். ஹம்பியில் 250 கோடி ஆண்டுப் பழமை உடைய கருங்கல் உருண்டைகள். அதற்கப்பால் நம் வீட்டுச் சமையலறைகளில் கிடக்கும் கடப்பைக் கல்லின் நாடு.

இனித் திட்டத்துக்கு வருவோம். முதல் நாளே பாதாமியை எட்டிவிடலாம் என்று வரைபடம் ஆசை காட்டும். தூரம் ஏறத்தாழ 470 கிலோமீட்டர். நகர நெரிசல், நிறுத்தங்கள், வேகத்தடை எல்லாம் சேர்த்தால் சராசரியாக மணிக்கு 45 கிலோமீட்டருக்கு மேல் கணக்கிடக் கூடாது. அப்படியானால் பத்தரை மணி நேரம். டிசம்பர் இறுதியில் புனேயில் பகல் பொழுதே பதினொரு மணி நேரந்தான். உணவுக்கும் ஓய்வுக்கும் எங்கே இடம்? ஆகவே 350 கிலோமீட்டரில் விஜயபுரத்தில் தங்குவதே சரி. எட்டு மணி நேரத்தில் போய்விடலாம். மாலை வெயிலில் கோல் கும்பஸையும் பார்க்கலாம்.

பகலைப் பற்றி இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. மூன்று ஆண்டுகளுக்கு முன் நானும் ஒரு நண்பரும் பிற்பகல் மூன்று மணிக்குப் புறப்பட்டோம். இந்தாப்பூரைத் தாண்டும்போது நன்றாக இருட்டிவிட்டது. அது கரும்பு வெட்டும் காலம். முன்னே சென்ற டிராக்டரின் பின்வண்டியில் கரும்பு மலைபோல் இருந்தது. சிவப்பு விளக்கு ஒன்றும் இல்லை. பின்னால் இருந்தவர் கத்தினார், நான் வண்டியை ஓரத்து மண்ணில் திருப்பினேன், இருவரும் விழுந்தோம். தலைக்கவசம் இருவரையும் காத்தது. ஆனால் நண்பரின் வலது மணிக்கட்டு முறிந்து, விடுமுறைக்குப் பின் வந்த தேர்வை அவரால் எழுத முடியவில்லை. அதற்குப் பிறகு மாலை ஆறு மணிக்கு மேல் நான் நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டியதில்லை.

இரண்டாம் நாள் பாதாமி, 120 கிலோமீட்டர். விஜயபுரத்துக்குத் தெற்கே சில கிராமங்களில் சாலையிலேயே தானியம் உலர்த்துவார்கள். அதன்மேல் பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்கும். பாதாமிதான் பழைய வாதாபி. கி.பி. 642-இல் நரசிம்மவர்மன் இதைப் பிடித்த செய்தியைக் கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ படித்தவர்கள் அறிவார்கள். அப்பல்லவனின் கல்வெட்டு ஒன்று அங்கே பாறையில் இன்றும் இருக்கிறது. மூன்றாம் நாள் ஹம்பி, 140 கிலோமீட்டர். ஹம்பியை இரண்டு வரியில் சொல்ல முயல்வது வீண்.

நான்காம் நாள்தான் கடினமானது. பல்லாரி, குந்தக்கல், குத்தி, தாடிபத்திரி, ஜம்மலமடுகு வழியாக 280 கிலோமீட்டர். நிழல் குறைவு, தாடிபத்திரிப் பக்கம் கல் ஏற்றிய லாரிகள் மிகுதி. ஆளுக்கு நான்கு லிட்டர் தண்ணீர் வேண்டும். பெட்ரோலுக்கும் ஒரு கணக்கு: தொட்டி 13 லிட்டர், இருவரும் மூட்டையும் ஏறினால் லிட்டருக்கு 30 கிலோமீட்டர் என்று வைத்தால் மொத்தம் 390. பாதி தீர்ந்ததும் நிரப்பிவிட வேண்டும். ஜம்மலமடுகில் கட்டாயம் நிரப்புங்கள். கிளட்ச் கம்பி, ஸ்பார்க் பிளக், டியூப், காற்றடிக்கும் பம்பு ஆகியவை பையின் மேலேயே இருக்கட்டும். அடியில் இருந்தால் பஞ்சரான இடத்தில் துணிமணியெல்லாம் சாலையில் பரப்ப நேரும்.

கண்டி என்றால் தெலுங்கில் மலைப் பிளவு. நந்தி மலைப் பகுதியில் தோன்றும் வட பெண்ணை எர்ரமலையை அறுத்துச் செல்லும் இடத்தில் கோட்டை நிற்கிறது. (நம் தென்பெண்ணைக்கும் பிறப்பிடம் அப்பகுதியே.) பள்ளத்தாக்கின் ஆழம் ஏறத்தாழ 300 அடி. அமெரிக்காவின் கொலராடோப் பள்ளத்தாக்கு ஒரு மைல் ஆழம். இரண்டையும் ஒப்பிட்டு விளம்பரம் செய்வது மிகை என்றே எனக்குத் தோன்றுகிறது. ஒப்பிடாமலே அழகானது இது. செங்கல் அடுக்கியதுபோல் பாறைகள் இரு கரையிலும் நிற்க, காலை வெயில் விளிம்பிலிருந்து மெல்ல இறங்குவதைப் பார்க்க வேண்டும். உச்சி வெயிலில் எல்லாம் ஒரே நிறமாகிவிடும். ஆகவே ஓர் இரவு அங்கே தங்குவது அவசியம். ஆந்திரச் சுற்றுலாத் துறையின் விடுதி இருக்கிறது. வைரவணிகர் தவர்னியே 1652-இல் மீர் ஜும்லாவைக் காண வந்தது இக்கோட்டைக்குத்தான். விளிம்பில் பெரும்பாலும் தடுப்பு இல்லை. பாறைகள் சில அசையும். படம் எடுக்கப் பின்னால் நகராதீர்கள். ஒரு நாள் மிச்சமிருந்தால் அருகிலுள்ள பேலும் குகைக்கும் போய்வரலாம்.

கடைசி நாள் கடப்பை, ரேணிகுண்டா, புத்தூர், ஊத்துக்கோட்டை வழியாகச் சென்னைக்கு 340 கிலோமீட்டர். வீட்டு நினைவில் கை தானாகவே முறுக்கும். ஊத்துக்கோட்டையில் தமிழ்ப் பலகைகள் தெரியும்போது வண்டியை நிறுத்தி ஒரு தேநீர் குடியுங்கள். வந்துகொண்டிருக்கிறோம் என்று வீட்டுக்குச் சொல்லிவிட்டு, மீதி வழியை மெதுவாகப் போங்கள்.