மோட்டார் சைக்கிளில் மின்சாரம் எவ்வளவு மிச்சம்?

மணாலியிலிருந்து லே செல்லும் இமயமலைப் பாதையில் கோடைக் காலத்தில் மோட்டார் சைக்கிளிலேயே நெடும்பயணம் போகிறவர்கள் பலர். வழியிலுள்ள தங்லங் லா கணவாயின் உயரம் 5,300 மீட்டருக்கும் மேல். கோடையிலும் அங்கே விரல்கள் விறைத்துப்போகும். எனவே கையைச் சூடாக்கும் மின்சாரக் கையுறை, உடலைச் சூடாக்கும் மின்சார ஜாக்கெட், வழிகாட்டும் கைப்பேசி ஆகியவற்றைப் பயணிகள் உடன் கொண்டுசெல்கின்றனர்.

இவற்றுக்கு வேண்டிய மின்சாரத்தை வண்டியிலிருந்தே எடுக்கலாமா? எடுக்கலாம். ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. எல்லை மீறினால், ஆளில்லாத மலையில் நிறுத்திய வண்டி மறுபடி கிளம்பாமல் போகலாம். அந்த எல்லையைக் கண்டறிய, நீங்கள் பள்ளியில் படிக்கும் கணக்கே போதும்.

வரவு

வண்டியில் மின்சாரம் எங்கிருந்து வருகிறது? "பேட்டரியிலிருந்து" என்று பலரும் விடை சொல்வார்கள். அது பாதி உண்மைதான். பேட்டரி வீட்டு மாடியிலுள்ள தண்ணீர்த் தொட்டியைப் போன்றது. தொட்டியை நிரப்ப ஒரு பம்பு வேண்டும் அல்லவா? அந்த வேலையைச் செய்வது ஆல்டர்னேட்டர் என்னும் மின்னாக்கி.

எஞ்சின் ஓடும்போது அதன் தண்டுடன் சேர்ந்து காந்தங்களும் சுழல்கின்றன. அருகிலுள்ள கம்பிச் சுருளை ஊடுருவும் காந்தப் புலம் மாறிக்கொண்டே இருப்பதால் சுருளில் மின்சாரம் தோன்றுகிறது. 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் இதுவே. இவ்வாறு கிடைப்பது மாறுதிசை மின்னோட்டம். அதைத் திருத்தி என்னும் கருவி நேர்திசை மின்னோட்டமாக மாற்றுகிறது. ரெகுலேட்டர் மின்னழுத்தத்தை ஏறக்குறைய 14 வோல்ட் அளவில் நிறுத்துகிறது. 12 வோல்ட் பேட்டரிக்கு மின்னேற்ற இந்த அளவு வேண்டும்.

காந்தம் மெதுவாகச் சுழன்றால் கிடைக்கும் மின்சாரமும் குறையும். ஆகவே "200 வாட் ஆல்டர்னேட்டர்" என்றால், எஞ்சின் நல்ல வேகத்தில் ஓடும்போதுதான் 200 வாட் கிடைக்கும் என்று பொருள். வண்டி நின்றபடி எஞ்சின் மெல்ல ஓடும்போது அவ்வளவு கிடைக்காது.

செலவு

இந்த 200 வாட்டும் பயணிக்கு உரியது அன்று. முதல் பங்கு வண்டிக்கே. இந்தியாவில் 2017 ஏப்ரல் முதல் விற்பனைக்கு வந்த புதிய இரு சக்கர வண்டிகளில் எஞ்சின் ஓடும்போதெல்லாம் முகப்பு விளக்கு எரியும். ஆகவே பகலிலும் அதற்குச் செலவு உண்டு. ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்ப்போம்.

முகப்பு விளக்கு: 55 வாட்
பின்விளக்கும் மற்ற சிறு விளக்குகளும்: 10 வாட்
பெட்ரோல் பம்பு, தீப்பொறி, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவி: 60 வாட்
பேட்டரிக்கு மின்னேற்றம்: 15 வாட்
மொத்தம்: 140 வாட்

மிச்சம் 60 வாட். கைப்பேசிக்கு 15 வாட், கையுறைகளுக்கு 30 வாட் என எடுத்தால் ஆகமொத்தம் 45. இது எல்லைக்குள் அடங்கும். இத்துடன் 75 வாட் ஜாக்கெட்டையும் இணைத்தால் தேவை 120 வாட் ஆகிவிடும். பற்றாக்குறை 60 வாட்.

அந்தப் பற்றாக்குறையை பேட்டரி ஈடுசெய்கிறது. திறனை மின்னழுத்தத்தால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும்: 60 ÷ 12 = 5 ஆம்பியர். பேட்டரி 8 ஆம்பியர்-மணி கொள்ளளவு உடையது என்போம். எஞ்சினைக் கிளப்பும் மோட்டாருக்காகப் பாதியை மீதம் வைத்தால், செலவழிக்கக்கூடியது 4 ஆம்பியர்-மணி. நான்கை ஐந்தால் வகுத்தால் 0.8 மணி, அதாவது 48 நிமிடம்! குளிரில் பேட்டரிக்குள் நடக்கும் வேதிவினை மந்தமாகும். எனவே மலை உச்சியில் இந்த நேரம் இன்னும் குறையும். உதைத்துக் கிளப்பும் வசதி இல்லாத வண்டியானால் பயணியின் பாடு திண்டாட்டம்தான்.

பன்னிரண்டை ஐந்தாக்குவது எப்படி?

கைப்பேசிக்கு மின்னேற்ற 5 வோல்ட் போதும் என்று கொள்வோம். இடையில் ஒரு மின்தடையை வைத்து மீதி 7 வோல்ட்டைக் குறைத்தால் என்ன? 2 ஆம்பியர் ஓடும்போது கைப்பேசிக்குக் கிடைப்பது 10 வாட். மின்தடையில் வெப்பமாக வீணாவது 14 வாட். பயனைவிட நட்டம் மிகுதி. எனவே, மின்னோட்டத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை விட்டுவிட்டுச் செலுத்தி, கம்பிச் சுருளின் உதவியால் சீராக்கித் தரும் மாற்றியைப் பயன்படுத்துகிறார்கள். இதில் வீணாவது மிகக் குறைவு.

இரண்டு காவலர்கள்

முதல் காவலர் உருகி. அதிரும் வண்டியில் கம்பியின் உறை தேய்ந்து இரும்புச் சட்டத்தைத் தொட்டால், ஒரே கணத்தில் பெரும் மின்னோட்டம் பாய்ந்து கம்பி பழுக்கக் காயும். பெட்ரோல் தொட்டி அருகிலேயே இருப்பதை மறக்கவேண்டாம். உருகியை பேட்டரிக்கு மிக அருகில் வைக்கவேண்டும். தொலைவில் வைத்தால் இடையிலுள்ள கம்பிக்குக் காவல் இல்லை.

இரண்டாம் காவலர் ரிலே. சாவியைத் திருப்பினால் மட்டுமே இது இணைப்புத் தரும். இது எதற்கு? ஒன்றும் இணைக்காதபோதுகூட மாற்றி 20 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 8 ÷ 0.02 = 400 மணி. பதினேழு நாளில் பேட்டரி காலி! விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் வண்டி கிளம்பாது.

நிலைமையை அறிய ஒரு வோல்ட்மீட்டர் போதும். எஞ்சின் நிறுத்தியிருக்கும்போது நன்கு மின்னேறிய ஈய அமில பேட்டரி 12.6 வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்டும். வண்டி ஓடும்போது ஏறக்குறைய 14 வோல்ட் காட்டினால் வரவு செலவைவிட மிகுதி. ஓடும்போதே 13க்குக் கீழே இறங்கினால் பேட்டரி வடிந்துகொண்டிருக்கலாம். உடனே ஒரு கருவியை நிறுத்தவேண்டும்.

நீங்களே கணக்கிடுங்கள்

ஒரு வண்டியின் ஆல்டர்னேட்டர் 180 வாட் தருகிறது. வண்டியின் சொந்தச் செலவு 115 வாட். பயணிக்குக் கைப்பேசி 10, கையுறை 30, ஜாக்கெட் 75 வாட் வேண்டும். பேட்டரி 9 ஆம்பியர்-மணி. பாதியை மீதம் வைக்கவேண்டுமானால், மூன்றையும் ஒருசேர எவ்வளவு நேரம் பயன்படுத்தலாம்? எதை நிறுத்தினால் கவலையின்றி நாள் முழுதும் பயணம் செய்யலாம்? விடை கண்டபின், உங்கள் வீட்டு வண்டியின் கையேட்டைத் திறந்து, அதன் வரவு செலவுக் கணக்கையும் எழுதிப் பாருங்கள்.