குளியலறையும் நீரறமும்

நுழையும்முன்

நீர்ச் சிக்கனம் என்றதும் ஏரியும் ஆறும் வயலும் நினைவுக்கு வருகின்றன. ஆனால், ஒவ்வொரு நாளும் நம் கைகளாலேயே நீரைத் திறந்துவிடும் இடம் வீட்டுக் குளியலறை. அச்சிறிய அறையைச் சுற்றுச்சூழலுக்கு இசைந்ததாக மாற்றும் வழிகளை இப்பாடம் விளக்குகிறது.

வறட்சி தந்த பாடம்

2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்கு நீர் வழங்கும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறத்தாழ முற்றிலும் வறண்டன. தெருக்களில் குடங்கள் வரிசையில் நின்றன. நள்ளிரவிலும் தண்ணீர் லாரிக்காக மக்கள் விழித்திருந்தனர். அவ்வாண்டு ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து தொடர்வண்டி மூலம் சென்னைக்குக் குடிநீர் கொண்டுவரப்பட்டது. 50 பெட்டிகள் கொண்ட ஒரு தொடர்வண்டி ஏறத்தாழ 25 லட்சம் லிட்டர் நீரைச் சுமந்து வந்தது. அந்நீரின் அருமையை அன்று நகரமே உணர்ந்தது. மழை பெய்த பின்னரும் அவ்வுணர்வு நிலைத்திருக்க வேண்டும் என்பதே கேள்வி.

கணக்கிட்டுப் பார்த்தால்

பாதாளச் சாக்கடை வசதியுள்ள நகரங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் நீர் தேவை என்பது நம் நாட்டின் திட்ட அளவு. இதில் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் செலவாவது சிறு பங்கே. பெரும்பங்கு குளியலறைக்கும் கழிவறைக்கும் செல்கிறது.

ஒரு முறைக்கு 10 லிட்டர் நீரைக் கொட்டும் பழைய கழிவறைத் தொட்டியை எடுத்துக்கொள்வோம். நால்வர் வாழும் வீட்டில் ஒவ்வொருவரும் நாளுக்கு ஐந்து முறை பயன்படுத்தினால் 200 லிட்டர் செலவாகும். தேவைக்கேற்ப 3 லிட்டரோ 6 லிட்டரோ திறந்துவிடும் இரட்டைப் பொத்தான் தொட்டியைப் பொருத்தினால், ஒருவர் நான்கு முறை சிறிய பொத்தானையும் ஒரு முறை பெரிய பொத்தானையும் அழுத்துவதாகக் கொண்டாலும், 72 லிட்டரே போதும். நாளொன்றுக்கு 128 லிட்டர் மிச்சம். ஆண்டுக்கு 46,720 லிட்டர் மிச்சம். இவ்வாறு 54 குடும்பங்கள் ஓராண்டில் சேமிக்கும் நீர், ஜோலார்பேட்டையிலிருந்து வந்த ஒரு தொடர்வண்டியை நிரப்பிவிடும்!

புதிய தொட்டி வாங்க இயலாதோரும் வருந்த வேண்டியதில்லை. ஒரு லிட்டர் கொள்ளும் புட்டியில் நீர் நிரப்பி, மூடி, பழைய தொட்டிக்குள் நிறுத்தினால் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரு லிட்டர் மிச்சமாகும். நிமிடத்திற்கு 10 லிட்டர் பொழியும் தூவற்குழாயின் கீழ் எட்டு நிமிடம் நின்றால் 80 லிட்டர் செலவாகும். ஒரு வாளியும் குவளையும் கொண்டு குளித்தால் 20 லிட்டரே போதும். நம் வீடுகளின் பழைய வழக்கமே இங்குச் சிறந்த தொழில்நுட்பமாகிறது.

வெப்பமும் செலவே

நீரைச் சுடவைப்பதற்கும் இயற்கை விலை கொடுக்கிறது. 25 லிட்டர் நீரை 25 பாகையிலிருந்து 60 பாகை செல்சியசுக்குச் சூடாக்க ஏறத்தாழ ஒரு யூனிட் மின்சாரம் தேவை. வெயிலுக்குக் குறைவில்லாத நம் மண்ணில் கூரைமீது சூரிய நீர்க்கொதிகலன் அமைப்பது அறிவுடைமையாகும்.

கழிவுநீரும் செல்வமே

குளித்த நீர் கொல்லையிலுள்ள வாழைக்கும் தென்னைக்கும் பாய்ந்தது முன்னோர் வீட்டு அமைப்பு. கழிவறை நீரோடு கலவாமல் குளியல் நீரைத் தனிக்குழாயில் பிரித்து, கல்வாழை நட்ட மணல், கூழாங்கல் படுகையின் வழியே செலுத்தலாம். வேர்களைச் சுற்றி வாழும் நுண்ணுயிரிகள் சோப்பின் எச்சங்களைச் சிதைக்கின்றன. அந்நீரை மரங்களுக்குப் பாய்ச்சலாம். ஆனால் பச்சையாக உண்ணும் கீரை, காய்களுக்குப் பயன்படுத்துதல் கூடாது. நீண்டநேரம் தேக்கிவைத்தால் நாற்றமும் கொசுவும் பெருகும் என்பதால் உடனுக்குடன் பயன்படுத்த வேண்டும். சீயக்காய், அரப்பு, பாசிப்பயற்று மாவு ஆகியவற்றைப் பயன்படுத்துவோரின் கழிவுநீர் மண்ணுக்கு இன்னும் இணக்கமானது.

தூய்மையின் மறுபக்கம்

கறை நீக்க ஊற்றும் கடும் அமிலம், கழிவுநீர்த் தொட்டியில் கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிரிகளையும் கொல்கிறது. கழிவறையில் வீசப்படும் நெகிழி உறைகளும் துணிகளும் சாக்கடைக் குழாய்களை அடைக்கின்றன. அவ்வடைப்பை நீக்க மனிதர் உள்ளே இறங்கி உயிரிழக்கும் கொடுமை, 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்த பின்னரும் முற்றிலும் ஒழியவில்லை. ஆகவே, நம் குளியலறையில் நாம் காட்டும் கவனம், முகம் அறியாத ஒரு தொழிலாளரின் உயிரோடும் தொடர்புடையது.

2003ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் மழைநீர்ச் சேகரிப்புக் கட்டாயமாக்கப்பட்டது. கூரையில் விழும் நீரைக் காக்கச் சட்டம் உண்டு. குளியலறைக் கதவுக்குப் பின்னால் ஓடும் நீரைக் காப்பது அவரவர் மனச்சான்றே. யாரும் காணாத இடத்திலும் அளவறிந்து வாழ்வதே நீரறம்.

கற்பவை கற்றபின்

1. சொட்டும் குழாயின் கீழ் ஓர் இரவு முழுவதும் வாளியை வைத்து, சேர்ந்த நீரை அளந்து, ஓராண்டு இழப்பைக் கணக்கிடுக.

2. உங்கள் வீட்டுக் குளியல் நீர் எங்குச் சென்று சேர்கிறது என்பதைக் கண்டறிந்து, ஒருபக்க அளவில் கட்டுரை எழுதுக.