பானையில் நேர்ந்த பிழை



இராஜாக்களின் இரண்டாம் புத்தகம் 4-ஆம் அதிகாரத்தில், பஞ்சகாலத்தில் கீரை பறிக்கப் போன ஒருவன் பேய்க்கொம்மட்டிக்காயை இன்னதென்று அறியாமல் அறுத்துக் கூழ்ப்பானையில் போட்டான் என்று வாசிக்கிறோம். அவன் பகைவனல்லன், பசித்தவர்களுக்கு உதவ நினைத்தவன்.

1944 செப்டம்பர் 25 அன்று நியூயார்க் நகரிலும் இப்படியே நடந்தது. ஒரே உணவு விடுதியில் ஓட்ஸ் கஞ்சி சாப்பிட்ட முதியவர்கள் 11 பேர் உடல் நீலம் பாரித்து விழுந்தார்கள், ஒருவர் இறந்துபோனார். இறைச்சி பதப்படுத்த வைத்திருந்த சோடியம் நைட்ரைட், சமையல் உப்பென்று எண்ணப்பட்டுக் கஞ்சியிலும் மேசையிலிருந்த உப்புக் குப்பியிலும் சேர்ந்திருந்தது.

இந்த உப்பு இறைச்சி கெடாமலும் சிவப்பு மாறாமலும் காக்கும். ஆனால் மிகச் சிறிய அளவே சேர்க்கத்தக்கது. மிஞ்சினால் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழக்கிறது. உதடும் நகமும் நீலமாகும், மூச்சு வாங்கும், தலை சுற்றும். குழந்தைகளை இது எளிதில் தாக்கும். ஆங்கிலோ இந்தியர் வீடுகளில் கிறிஸ்துமஸ் உப்பிறைச்சிக்குச் சேர்க்கும் வெடியுப்பும் இறைச்சியிலுள்ள நுண்ணுயிர்களால் நைட்ரைட்டாக மாறும். ஆகவே கைக்கணக்கில் அள்ளிப் போடக்கூடாது.

நம் வீட்டு உப்புக்கண்டத்துக்கு இவையொன்றும் வேண்டியதில்லை. கல்லுப்பு, மஞ்சள், நல்ல வெயில் போதும். வெள்ளையாயிருக்கும் எந்த இரசாயனத்தையும் உரத்தையும் பெயர் எழுதாத டப்பாவில் போட்டு அடுப்படியில் வைக்க வேண்டாம். சில நாடுகளில் பதப்படுத்தும் உப்புக்கு இளஞ்சிவப்புச் சாயம் ஏற்றி விற்பதும் இந்தப் பிழையைத் தடுக்கவே.

இதற்கு மாற்று மருந்து உண்டு: மெத்திலீன் நீலம் என்னும் ஊசி. ஜி-6-பி-டி என்ற நொதி குறைந்தவர்களுக்கு அதுவே தீங்கு செய்யலாம் என்பதால், மருத்துவரே பார்த்துக் கொடுக்க வேண்டும். கொல்லிமலையிலிருந்து காரவள்ளிக்கு இறங்க 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. நீலம் கண்டவுடன் புறப்பட வேண்டும். கைவைத்தியத்தில் நேரத்தைப் போக்கலாகாது. சாப்பிட்டதில் மீதியையும் உப்புப் பொட்டலத்தையும் கையோடு கொண்டுவர வேண்டும்.

எலிசாவின் நாளில் கூழை ருசித்தவர்கள் வெட்கப்பட்டு மௌனமாயிருக்கவில்லை. உடனே சத்தமிட்டார்கள், பிழைத்தார்கள். பானையில் போட்டவனை யாரும் தண்டித்ததாகவும் எழுதப்படவில்லை. வீட்டில் தவறு செய்த தாயும் பயந்து மறைக்காமல் உண்மையைச் சொல்லட்டும். அந்த ஒரு சொல்லே பிள்ளையின் உயிரைக் காக்கும். இதை உங்கள் அயலாருக்கும் வாசித்துக் காட்டும்படி அன்புடன் வேண்டுகிறோம்.