காற்புண்ணும் இரத்தச் சோதனையும்

பல ஆண்டுகள் நீரிழிவுக்கு ஆட்பட்டவரின் காலில் புண் தோன்றினால், பெரும்பாலும் அதில் வலி இருப்பதில்லை. பாதத்தின் நரம்புகள் உணர்விழந்து விடுவதே காரணம். முள் தைத்தாலும் தெரியாது. நண்பகல் வரப்பின் சூடும் உறைக்காது. வலியில்லாத புண்ணை எவர் பொருட்படுத்துவர்? அறுவடை முடியட்டும் என்று ஒரு மாதம் கழிவதற்குள் புண் எலும்பைத் தொட்டுவிடக் கூடும். காலையே எடுக்க நேரிடுவதும் உண்டு. வலி சொல்லாததை இரத்தம் எவ்வாறு சொல்கிறது என்பதைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் அறிந்திருத்தல் நலமெனக் கருதி இதனை எழுதுகிறோம்.

காலையில் எடுக்கும் சர்க்கரை அளவு அன்றைய நிலையை மட்டுமே காட்டும். வைத்தியரிடம் போகுமுன் இரண்டு நாள் வாயைக் கட்டினால் அது இறங்கிவிடும். இவ்வித்தையில் நம்மவர் தேர்ந்தவர்! ஆனால் இரத்தத்தின் சிவப்பணுவை அவ்வாறு ஏமாற்ற இயலாது. ஏறத்தாழ 120 நாட்கள் வாழும் அவ்வணுவிலுள்ள ஹீமோகுளோபினில் சர்க்கரை சிறிது சிறிதாக ஒட்டிக்கொண்டே வருகிறது. எச்.பி.ஏ.1சி. என்னும் சோதனை அதனை அளந்து, கடந்த இரண்டு மூன்று மாதங்களின் கணக்கை, கிராமத்து அடங்கலைப்போல், எடுத்துக் காட்டுகிறது. பெரும்பாலோர்க்கு அது 7 விழுக்காட்டுக்குள் இருத்தல் நன்று. சோகையுள்ளவர்களுக்கு இக்கணக்குப் பிழைபடலாம் ஆதலால் ஹீமோகுளோபின் அளவையும் உடன் பார்த்தல் வேண்டும். அது குறைந்தால் புண்ணுக்குச் சேரும் பிராணவாயுவும் குறையும்.

கிருமி தாக்கியுள்ளதா என்பதற்கு வேறு சாட்சிகள் உள. வெள்ளணுக்களின் எண்ணிக்கை ஒன்று. ஆயினும் நீரிழிவு உள்ளவரிடம் கடுமையான புண்ணிலும் அது உயராதிருப்பதுண்டு. ஈரலில் உண்டாகும் சி.ஆர்.பி. என்னும் புரதம் மற்றொன்று. 1930-ஆம் ஆண்டு அமெரிக்காவில் நிமோனியா நோயாளிகளைச் சோதிக்கையில் கண்டறியப்பெற்றது இது. தாக்குதல் தொடங்கிய சில மணி நேரத்தில் பெருகி, தணிந்தபின் சில நாட்களில் இறங்கும். ஒருமுறை எடுத்த அளவைவிட, மருந்து தொடங்கியபின் அது இறங்குகிறதா என்பதே முக்கியம். ஈ.எஸ்.ஆர். முதல் மணி நேரத்தில் 70 மில்லிமீட்டருக்கு மேற்படின், எலும்பிலும் நோய் பற்றியிருக்கலாமென வைத்தியர் ஐயுறுவர். ஆல்புமின் என்னும் புரதம் குறைந்திருப்பின் புண் ஆறுதல் தாமதமாகும். உணவுக் குறைவால் மட்டுமன்றி நோயின் கடுமையாலும் அது குறையும். எனவே முட்டையும் பருப்பும் உண்பது நன்றே எனினும் அவை மட்டும் போதா.

இவையனைத்தும் ஒழுங்காயிருந்தும் ஆறாத புண்கள் உண்டு. புண்ணின் மீதே மனிதர் நடந்துகொண்டிருப்பதை எந்த இரத்தச் சோதனையும் காட்டாது. 1946-இல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளரின் பாதங்கள் புண்ணாவது சதை அழுகுவதால் அன்று, உணர்வற்ற பாதம் ஓயாது அழுந்துவதாலேயே என்று காட்டினார். மாவுக்கட்டு இட்டு உடற்பாரத்தைப் பாதமெங்கும் பகிர்ந்தபோது புண்கள் ஆறின. காலில் இரத்தவோட்டம் போதிய அளவு உள்ளதா என்று பார்த்தபின், இம்முறை நீரிழிவுப் புண்ணுக்கும் கையாளப்படுகிறது.

கூலிக்குப் போகாவிடில் அடுப்பெரியாத வீட்டில் ஓய்வு என்பது வெறுஞ்சொல்லே. அத்தகையோருக்கு உட்கார்ந்து செய்யும் வேலை கிடைக்கச் செய்வதும், ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் சென்றுவர வண்டிக்கு வழி செய்வதும் அங்கத்தினர்களால் இயலும் எனக் கருதுகிறோம். புண்ணின் நீள அகலத்தை வாரந்தோறும் செவிலியரைக் கொண்டு குறித்துவைக்கச் செய்க. நான்கு வாரங்களில் அதன் பரப்புப் பாதியளவு குறையாவிடின் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். காய்ச்சலோ, துர்நாற்றமோ, விரலிற் கருமையோ கண்டால் அன்றைக்கே அனுப்புக.