பி.என். ரோட்டில் தினசரி ஓட ஹைப்ரிட் கார்: புக்கிங் போடும் முன் பேச வேண்டிய கணக்கு

பெருமாநல்லூர் பக்கம் குடியிருந்து திருப்பூருக்கு வேலைக்குப் போய்வரும் மெர்ச்சண்டைசர், க்யூசி, புரொடக்ஷன் மேனேஜர் யாராக இருந்தாலும், பைக்கை விட்டுக் காருக்கு மாறும்போது ஒரு கேள்வி வந்துவிடுகிறது: ஹைப்ரிட் எடுக்கலாமா? மைலேஜ் எவ்வளவு என்று ஷோரூமில் விசாரிக்கும் முன்னால் நீங்கள் வேலை பார்க்கும் இடத்தில் ஒன்றைக் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். கம்பெனி உங்களுக்குப் பெட்ரோல் காசை எந்தக் கணக்கில் தருகிறது?

பில்லைக் கொடுத்துப் பணம் வாங்குகிற ஏற்பாடு என்றாலும், குறிப்பிட்ட பங்க்கில் சீட்டுக் காட்டி அடித்துக்கொள்கிற ஏற்பாடு என்றாலும், ஹைப்ரிட் மிச்சம் பிடிக்கிற ஒவ்வொரு லிட்டரும் முதலாளிக்குப் போகிறது. காருக்குக் கூடுதலாகக் கொடுத்த பணமும் அதன் வட்டியும் உங்கள் தலையில். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்றோ, மாதம் ஒரு தொகை என்றோ பேசியிருந்தால் அந்த மிச்சம் உங்கள் பைக்கு வரும். ஒரே கார், ஒரே ரோடு, ஆனால் ஆதாயம் வேறு ஆளுக்கு. ஆகவே முதலில் ஏற்பாட்டை மாற்றுங்கள், பிறகு புக்கிங் போடுங்கள்.

பேசுவதற்கு வெறும் கையோடு போகாதீர்கள். ஒரு மாதம் டைரி எழுதுங்கள்: காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது மீட்டர் எவ்வளவு, நிட்டிங், சாயப்பட்டறை, காம்பாக்டிங், பிரிண்டிங், பவர் டேபிள், செக்கிங் என்று எந்தெந்த யூனிட்டுக்குப் போனீர்கள், எந்த ஸ்டைல் வேலைக்காகப் போனீர்கள், எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள். இந்த ஒரு நோட்டு இரண்டு வேலை செய்யும். உங்கள் ஃபாலோ-அப் ஓட்டம் எவ்வளவு என்பதை நிர்வாகத்துக்கு எழுத்தில் காட்டும். ஹைப்ரிட் உங்களுக்குத் தேவையா என்பதை உங்களுக்கே காட்டும். இன்கிரிமென்ட் பேசும் சமயத்தில் இதை மேசையில் வைத்து, பில் முறைக்குப் பதிலாகக் கிலோமீட்டர் முறை கேளுங்கள். பெட்ரோல் விலை ஏறினால் தொகையும் மாறும் என்ற வரி அதில் இருக்கட்டும். வாய்ப்பேச்சோடு விடாமல் ஒரு மெயிலாவது வாங்கிவிடுங்கள்.

எந்தக் கிலோமீட்டர்?

ஹைப்ரிட் எல்லா ரோட்டிலும் ஒரே மாதிரி மிச்சம் பிடிக்காது. பெருமாநல்லூர் நால்ரோட்டிலிருந்து பி.என். ரோட்டில் புஷ்பா தியேட்டர் வரைக்கும் காலை ஒன்பது மணிக்கு வருகிறவருக்குத் தெரியும்: கம்பெனி பஸ், துணி ரோல் ஏற்றிய மினி லாரி, இடுக்கில் நுழையும் டூவீலர், பத்தடி நகர்ந்து நிற்பது, மறுபடி பத்தடி. சாதாரணப் பெட்ரோல் கார் பெட்ரோலை வீணாக எரிப்பது இங்கேதான். ஹைப்ரிட் சம்பாதிப்பதும் இங்கேதான். ஊர்ந்து நகரும்போது இன்ஜின் அணைந்து மோட்டார் மட்டும் வண்டியை இழுக்கிறது. பிரேக் போடும்போது வீணாய்ப் போகிற வேகத்தில் ஒரு பங்கு பேட்டரிக்குத் திரும்பி வருகிறது.

அதே காரை நால்ரோட்டில் திருப்பி, 544-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஏறி, அவிநாசி வழியாகக் கோவைக்குச் சீராக 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் இன்ஜின் பெரும்பாலும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். மிச்சம் உண்டு, ஆனால் குறைவு.

கணக்குக்காக லிட்டர் 100 ரூபாய் என்று வைப்போம். நெரிசலில் லிட்டருக்கு 12 கொடுக்கும் ஆட்டோமேட்டிக் பெட்ரோல் கார், அதே நெரிசலில் 20 கொடுக்கும் ஹைப்ரிட், மாதம் 1,500 கிலோமீட்டர். ஒன்றுக்கு 125 லிட்டர், மற்றதற்கு 75. மாதம் 5,000 ரூபாய் மிச்சம், வருடத்துக்கு 60,000. இதே 1,500 கிலோமீட்டரை நெடுஞ்சாலையில் ஓட்டி, 17-க்கு 22 என்று வித்தியாசம் சுருங்கினால், மிச்சம் மாதம் 2,000 ரூபாய் அளவுக்கு இறங்கிவிடுகிறது. நெரிசலிலேயே ஓட்டினாலும் மாதம் 600 கிலோமீட்டர்தான் என்றால் அதே 2,000 தான்.

இதற்கு எதிர்ப்பக்கம் வண்டி விலை. ஒரே மாடலில் சாதாரணப் பெட்ரோல் வண்டிக்கும் ஹைப்ரிட்டுக்கும் ஷோரூம் விலையில் இரண்டரை லட்சம் வித்தியாசம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் ஏற்றிய வாழ்நாள் சாலை வரி, பத்து லட்சத்துக்கு மேல் இருபது லட்சம் வரையிலான கார்களுக்கு 18 சதவீதம். அந்த இரண்டரை லட்சத்துக்கு இன்னும் 45,000 சேரும். ஆக, ஏறக்குறைய மூன்று லட்சம். வருடம் 60,000 மிச்சப்படுகிறவருக்கு ஐந்து வருடத்தில் முதல் திரும்பும். 24,000 மிச்சப்படுகிறவருக்குப் பன்னிரண்டு வருடத்துக்கு மேல். இரண்டாமவர் ஹைப்ரிட் வாங்கக் கூடாது என்பது என் தீர்மானமான கருத்து. நல்ல சிறிய பெட்ரோல் கார் அவருக்குப் போதும். 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்குட்பட்ட, 1,200 சிசிக்குள் அடங்கும் பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாக இறங்கியது. நான்கு மீட்டரைத் தாண்டும் ஹைப்ரிட்டுகளுக்கு 40 சதவீதம்.

சொந்த வீடு, வாசலில் சார்ஜ் போட இடம், தினமும் நூறு கிலோமீட்டருக்குள் ஓட்டம் என்றால் மின்சாரக் காரையும் பார்த்துவிடுங்கள். அதற்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான், ஓட்டச் செலவும் குறைவு. காம்பவுண்ட் வீட்டில் வாடகைக்கு இருந்துகொண்டு, வண்டியைத் தெருவில் நிறுத்துகிறவருக்கு அந்த வழி இல்லை. அவருக்குத்தான் ஹைப்ரிட் பொருந்தி வருகிறது.

ஷோரூமில்

ஹைப்ரிட் என்று எழுதியிருப்பதெல்லாம் ஒன்றல்ல. மாருதியின் எர்டிகா, பிரெஸ்ஸா போன்றவற்றில் வருவது மைல்டு ஹைப்ரிட். இன்ஜினுக்குச் சிறு ஒத்தாசை மட்டும் செய்யும், மோட்டாரால் தனியாக வண்டியை நகர்த்த முடியாது. இதுவரை போட்ட கணக்கெல்லாம் ஸ்ட்ராங் ஹைப்ரிட்டுக்கு. சந்தேகம் வந்தால் காலடியைப் பாருங்கள்: கிளட்ச் இருந்தால் அது நீங்கள் தேடும் வண்டி இல்லை.

நம்மூரில் ஹைப்ரிட் புதிதும் அல்ல. ஹோண்டா 2008-லேயே சிவிக் ஹைப்ரிட்டைக் கொண்டுவந்தது, 2010-ல் டொயோட்டா பிரியஸ் வந்தது. இரண்டும் மாதச் சம்பளக்காரர் நெருங்க முடியாத விலை. 2022-ல்தான் நிலைமை மாறியது. அந்த மே மாதம் ஹோண்டா சிட்டி ஹைப்ரிட், அதற்குப் பின் டொயோட்டா ஹைரைடரும் மாருதி கிராண்ட் விட்டாராவும். இந்தக் கடைசி இரண்டுக்கும் உள்ளே இருப்பது ஒன்றே: 1.5 லிட்டர் மூன்று சிலிண்டர் இன்ஜின், கூட ஒரு மோட்டார், 177.6 வோல்ட் லித்தியம் பேட்டரி. அந்தப் பேட்டரி மொத்தமாகப் பிடிப்பது 0.76 யூனிட் கரன்ட். பேட்டரியிலேயே எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று கேட்பதில் பொருள் இல்லை. சேர்த்துவைத்து ஓடுவதற்கு அல்ல, வாங்கி உடனே திருப்பிக் கொடுப்பதற்கான பேட்டரி அது. அறிவிப்பில் வரும் லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர் சோதனைக்கூடக் கணக்கு, அதை வைத்து மாதச் செலவு போடாதீர்கள். நான்கு மீட்டருக்குள் அடங்கும் ஸ்ட்ராங் ஹைப்ரிட் 2025 முடிய நம் சந்தைக்கு வரவில்லை.

டெஸ்ட் டிரைவுக்குச் சர்வீஸ் ரோட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக் கொண்டுவந்து விட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வேலை நாளில், காலை நேரத்தில், பி.என். ரோட்டில் பாண்டியன் நகர், பூலுவபட்டி, போயம்பாளையம் தாண்டி ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். கிளம்பும் முன் டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று: சாம்பிள் கார்ட்டன் ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள். ஹைப்ரிட் மாடலில் பேட்டரி பின்னால் உட்கார்ந்திருப்பதால் டிக்கி சின்னதாகிவிடுகிறது. கார்ட்டன் உள்ளே அடங்காது என்று ஷிப்மென்ட் நாளில் தெரிந்து பயன் இல்லை.

கம்பெனியே கார் வாங்கிக் கொடுக்கிற பதவியில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது: வருமான வரியில் கம்பெனிக் காரின் மதிப்பைச் சம்பளத்தோடு சேர்க்கும்போது 1.6 லிட்டர் இன்ஜின்தான் எல்லைக்கோடு. 1.5 லிட்டர் ஹைப்ரிட் கீழ்ப்படியில் நிற்கிறது. எச்.ஆரிடம் வண்டி தேர்வு பற்றிப் பேசும்போது இதைச் சொல்லலாம்.

பஞ்சுத் தூசி

இந்தப் பகுதியை எந்த ஷோரூமும் திருப்பூர்க்காரருக்கென்று சொல்லித் தருவதில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஹைப்ரிட் பேட்டரி சூடாகும். அதைக் குளிர வைக்க, காருக்குள் இருக்கும் காற்றை ஒரு சிறு ஃபேன் பின்சீட் அருகே உள்ள துவாரம் வழியாக இழுக்கிறது. துவாரத்தில் ஒரு ஃபில்டர் உண்டு. இப்போது நம் வண்டியின் பின்சீட்டை நினைத்துப் பாருங்கள். கட்டிங் பீஸ் மூட்டை, நிட்டிங்கிலிருந்து நேராக எடுத்துவந்த கிரே துணி, ஷேடு பார்க்க வெட்டிய துண்டுகள், நம் சட்டையிலேயே ஒட்டிக்கொண்டு வரும் பஞ்சு. மற்ற ஊரில் வருடக்கணக்கில் சேர்கிற தூசி இங்கே சில மாதங்களில் சேர்ந்துவிடும். ஃபில்டர் மேல் மெல்லிய சாம்பல் நிறப் படலம் படிந்து, பிறகு விரலால் உரித்து எடுக்கிற மாதிரி ஒரு தடித்த விரிப்பாகவே ஆகிவிடும். அதற்குமேல் காற்று உள்ளே போகாது. பேட்டரி சூடாகும், கம்ப்யூட்டர் பேட்டரியின் வேலையைக் குறைக்கும், இன்ஜின் அடிக்கடி ஓடும், மைலேஜ் இறங்கும். வண்டி நிற்காது, சத்தம் போடாது. ஆகவே கவனிக்காமல் விட்டுவிடுவோம்.

அந்தத் துவாரத்தை மறைத்து எதையும் வைக்காதீர்கள். மாதம் ஒருமுறை வேக்குவம் வைத்து உறிஞ்சி எடுங்கள். செக்கிங் டேபிளில் தொங்குகிற ஏர் கன் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கும், அதை எடுத்து அடித்துவிடத் தோன்றும். வேண்டவே வேண்டாம். காற்று அடித்தால் பஞ்சு உள்ளே ஃபேனுக்கும் பேட்டரிக்கும் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒவ்வொரு சர்வீஸிலும் ஜாப் கார்டில் "ஹைப்ரிட் பேட்டரி ஃபில்டர் சுத்தம்" என்று எழுதச் சொல்லி, எழுதியதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ஓட்டும் விதம்

முன்னால் போகிற பஸ்ஸின் சிவப்பு விளக்கு எரிந்ததும் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, பிரேக்கை மெதுவாக, நீளமாக அழுத்துங்கள். கடைசி நொடியில் ஓங்கி மிதித்தால் வேகம் பிரேக் பேடில் சூடாகத்தான் போகும், பேட்டரிக்குப் போகாது. சிக்னலில் நிற்கும்போது நியூட்ரலில் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். இந்த வகை வண்டிகளில் நியூட்ரலில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறாது. டிரைவிலேயே வைத்துப் பிரேக்கைப் பிடித்திருந்தால் போதும்.

சாயப்பட்டறை வாசலில் லாட் வெளியே வர ஒரு மணி நேரம் காத்திருக்கும்போது ஏ.சி. போட்டு லாப்டாப்பில் மெயில் பார்க்கலாம். ஏ.சி. கம்ப்ரஸர் மின்சாரத்தில் ஓடுவதால் இன்ஜின் இடையிடையே மட்டும் எழுந்து அணையும். இது திறந்த வெளியில் மட்டும். மூடிய ஷெட்டுக்குள் ஒருபோதும் இப்படி உட்காராதீர்கள். இன்ஜின் தானாக எழும்போது வரும் புகை ஆளைக் கொல்லக்கூடியது. இறங்கும்போதும் "வண்டி ஆஃப்தானுங்களே" என்று நம்பி இறங்காமல், மீட்டரில் ரெடி விளக்கு அணைந்துவிட்டதா என்று பாருங்கள். ஷிஃப்ட் விடுகிற நேரத்தில் கம்பெனிக் காம்பவுண்டுக்குள் இன்னும் கவனம் தேவை. மோட்டாரில் வரும் வண்டியின் மெல்லிய ஒலி, போன் பேசிக்கொண்டு நடக்கிறவர்கள் காதில் விழாது.

கார் தண்ணீரில் மாட்டினாலோ, அடிபட்டாலோ, ஆரஞ்சு நிற வயர்களை நீங்களும் தொடாதீர்கள், ரோட்டோர மெக்கானிக்கையும் தொட விடாதீர்கள். அவை உயர் மின்னழுத்த வயர்கள். வாரக்கணக்கில் வண்டியை எடுக்காமல் விட்டால் பெரிய பேட்டரி நன்றாக இருந்தும் 12 வோல்ட் சின்னப் பேட்டரி இறங்கி வண்டி கிளம்பாமல் நிற்கும்.

தவணையும் பழைய வண்டியும்

2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது ஆர்டர் தள்ளிப்போன கம்பெனிகளை நாம் பார்த்தோம். ஆகவே கார் தவணையை அடிப்படைச் சம்பளத்தை மட்டும் வைத்துப் போடுங்கள். சீசன் ஓவர்டைமையும் இன்சென்டிவையும் அதில் சேர்க்காதீர்கள்.

பேட்டரி பத்து வருடம் தாங்குமா என்ற பயத்துக்குப் பதில் இலங்கையில் இருக்கிறது. டொயோட்டா அக்வா, பிரியஸ், ஹோண்டா வெசல் என்று ஜப்பானிலிருந்து வந்த பழைய ஹைப்ரிட்டுகள் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் வருடக்கணக்காக ஓடுகின்றன, அதுவும் நம்மைப் போன்ற வெயிலில். பேட்டரி சோர்ந்தால் கெட்டுப்போன பகுதியை மட்டும் மாற்றித் தரும் பட்டறைகள் அங்கே ஒரு தொழிலாகவே வளர்ந்துவிட்டன. நம் பக்கம் அந்தத் தொழில் இன்னும் ஊன்றவில்லை. அதனால் இங்கே பழைய ஹைப்ரிட் வாங்குகிறவருக்குக் கம்பெனி உத்தரவாதம்தான் துணை. ஹைரைடர், கிராண்ட் விட்டாரா இரண்டுக்கும் ஹைப்ரிட் பேட்டரி உத்தரவாதம் 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முந்தியோ அது. 2022 இறுதியில் பதிவான வண்டியைக் கேட்கிறீர்கள் என்றால் கெடு 2030 இறுதி. மீட்டர் ஏற்கெனவே 1,20,000 காட்டினால், மாதம் 1,500 ஓட்டும் உங்களுக்கு இரண்டு வருடம் சொச்சம்தான் மிச்சம். முன்பணம் கொடுப்பதற்கு முன் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் ஹைப்ரிட் சிஸ்டம் பரிசோதனை அறிக்கை வாங்குங்கள். சர்வீஸ் ரசீதுகளைப் புரட்டுங்கள். பின்சீட் அருகே குனிந்து அந்த ஃபில்டரை வெளியே எடுத்துப் பாருங்கள்.